மறதி நோயும் நம் வீட்டுப் பெரியவர்களும்: ஹைதராபாத்தில் ஓர் இல்லம் தேடிய அனுபவம்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல ஏதாவது சங்க இலக்கியச் செய்தியோ, நிஜாம் காலத்தில் செகந்திராபாத் பாளையத்துக்கு வந்து சேர்ந்த ஆற்காட்டு முதலியார்களின் கதையோ எழுதித் தருவேன் என்று எண்ணியிருப்பார்கள். இம்முறை அதைத் தள்ளி வைத்துவிட்டேன். காரணம், சென்ற பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர், "சார், உங்க பெரியம்மாவை ஏதோ ஹோம்ல வெச்சிருந்தீங்களாமே... அது எங்கே, எவ்வளவு ஆகும்?" என்று காதோடு காதாகக் கேட்டார். கை கழுவப் போன இடத்தில் இன்னொருவர். வாசலில் செருப்பு தேடும்போது ஓர் அம்மையார். மூவருமே குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். சர்க்கரை நோய் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஆகவே உரக்கவே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

என் பெரியம்மா வாலாஜாப்பேட்டைக்காரர். 1958இல் திருமணமாகி செகந்திராபாத் வந்தார். பெரியப்பாவுக்கு லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை. பிள்ளைகள் இல்லை. என் தாயார் சிறுவயதிலேயே காலமானபின் என்னை வளர்த்தவர் பெரியம்மாதான். பெரியப்பா மறைந்த பிறகு பத்மாராவ் நகரில் எங்களோடு இருந்தார். தமிழ் தவிர, காய்கறிக்காரியோடு தெலுங்கும், பால்காரரோடு தக்கணி உருதுவும் சரளமாகப் பேசுவார். படித்தது ஐந்தாம் வகுப்பு.

2017ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு கிருத்திகையன்று ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குப் போனார். நடந்தால் பத்து நிமிடம். நாற்பது ஆண்டுகளாகப் போய்வந்த வழி. இரவு எட்டரை மணிக்கு ஓர் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். "வாலாஜா பெரிய தெருவுக்குப் போ" என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கோயில் பிரசாதப் பையில் கிடந்த மருந்துச் சீட்டில் இருந்த கைபேசி எண்தான் அன்று எங்களைக் காப்பாற்றியது. அதற்கு முந்தைய ஓராண்டாகவே அறிகுறிகள் இருந்தன என்பது பிறகுதான் உறைத்தது. ரசத்தில் இரண்டு தரம் உப்பு. ஒரே கதையை ஒரே சாப்பாட்டு நேரத்தில் மூன்று முறை. "என் நகையை யாரோ எடுத்துட்டாங்க" என்று வேலைக்காரப் பெண் மீது சந்தேகம். வயசானா அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். பெரும்பாலான வீடுகளில் நடக்கும் முதல் தவறு இது.

டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. காய்ச்சல் என்பதுபோல ஒரு நிலையின் பெயர். நினைவு, சொல், கணக்கு, வழி, முடிவெடுக்கும் திறன் ஆகியவை அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்குத் தேய்ந்துபோவதை அது குறிக்கும். அந்த நிலைக்குக் காரணமான நோய்கள் பல. அவற்றுள் பெரியது அல்சைமர் நோய். மொத்தத்தில் 60 முதல் 70 விழுக்காடு அதுவே என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ட்யூபிங்கன் நகரில், தாம் பிராங்க்ஃபர்ட்டில் பார்த்த ஆகஸ்ட டேட்டர் என்ற பெண்மணியின் மூளையைப் பற்றி உரையாற்றினார். அப்பெண்மணி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது வயது 51தான். 1910இல் கிரேப்ளின் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார். இதைத் தவிர, சிறுசிறு பக்கவாதங்களால் வருவது, நடத்தையை முதலில் மாற்றிவிடுவது, இல்லாத உருவங்களைக் காணச் செய்வது என்று வேறு வகைகளும் உண்டு. நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அதாவது நம் சங்கத்தில் 60 கடந்த நூறு பேர் இருந்தால் ஏழெட்டு வீடுகளில் இது இருக்கலாம். பந்தியில் மூன்று பேர் கேட்டதில் வியப்பில்லை.

முதலில் எங்கே போவது? நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர், முதியோர் மருத்துவர் ஆகிய மூவரில் எவரிடமும் போகலாம். ஆனால் மனநலம் என்றதும் எங்கள் வீட்டில் எழுந்த எதிர்ப்பைச் சொல்லியாக வேண்டும். சென்னைக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ அப்படி ஹைதராபாத்துக்கு எர்ரகட்டா. ஊர்ப் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. வேலூரிலிருந்து வந்த மாமா, பெரியம்மாவின் தம்பி, "எங்க அக்காவை எர்ரகட்டாவுக்கு அனுப்பப் போறியா?" என்று கேட்டே விட்டார். அந்த ஒரு சொல்லால் எங்களுக்குச் சில வாரங்கள் வீணாயின.

வீணாகக் கூடாத வாரங்கள் அவை. ஏனெனில் மறதிக்குக் காரணம் சரிசெய்யக் கூடியதாகவும் இருக்கலாம். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, தலையில் அடிபட்டு மெல்லக் கசிந்து உறைந்த இரத்தம், மூளையில் நீர் தேங்குதல், கடுமையான மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையெல்லாம் டிமென்ஷியாவைப் போலவே தோற்றம் தரும். பி12 என்பது இயற்கையில் புலால், முட்டை, பால் வகைகளில் கிடைப்பது. சைவ உணவு உண்ணும் நம் வீடுகளில் அது குறைவதுண்டு. ஆகவே இரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் எடுக்காமல் "வயசுக் கோளாறு" என்று எந்த மருத்துவர் சொன்னாலும் வேறொருவரைப் பாருங்கள். காதையும் கண்ணையும் கூடச் சோதிக்க வேண்டும். லான்செட் இதழின் குழு 2024இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணிகளில் செவித்திறன் குறைவும் பார்வைக் குறைவும் உண்டு. பெரியம்மாவுக்கு இடது காது ஏறக்குறைய செவிடு என்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

இனி, நம்மைப் போன்றவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) ஓர் இளம் மருத்துவர் நினைவுத் தேர்வு நடத்தினார். 1975 முதல் உலகெங்கும் புழங்கும் 30 மதிப்பெண் தேர்வு அது. கேள்விகள் தெலுங்கில். "இது ஏ நெல அம்மா?" என்று மாதத்தைக் கேட்டார். "ஆவணி" என்றார் பெரியம்மா. ஆவணி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது; பதில் மிகச் சரி. ஆனால் அவர் எதிர்பார்த்தது ஆகஸ்ட், அல்லது தெலுங்கு முறைப்படி சிராவணம். நம்முடையது சூரிய மாதம், அவர்களுடையது சந்திர மாதம். தவறு என்று குறித்துக்கொண்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். மூன்று சொற்களைத் தெலுங்கில் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார். மொத்தம் 13. அடுத்த மாதம் வேறு ஓரிடத்தில், மருத்துவர் தமிழ் தெரிந்த செவிலியை அழைத்து அதே தேர்வைத் தமிழில் நடத்தச் சொன்னார். 18 வந்தது. நோய் இருந்தது உண்மை; ஆனால் அதன் கட்டம் வேறாகிவிட்டது. ஆகவே வாசகர்கள் தயங்காமல் கேட்க வேண்டும்: "டாக்டர், அம்மாவுக்குத் தாய்மொழி தமிழ், படிப்பு ஐந்தாவது, இதற்கேற்றபடி பார்க்கிறீர்களா?"

இது வெறும் மொழிப்பற்றால் சொல்வதன்று. படிப்பறிவில்லாத இந்திய முதியவர்களுக்கு மேலைநாட்டுத் தேர்வு பொருந்தாது என்பதால்தான் ஹரியானாவின் பல்லப்கர் பகுதி ஆய்வுக்காக இந்தியில் தனித்தேர்வு உருவாக்கி 1995இல் வெளியிட்டார்கள். பிற்பாடு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் ஒரு தேர்வுத் தொகுப்பை உருவாக்கியது. அந்த ஐந்தில் தமிழ் இல்லை என்பதைக் கண்டபோது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் இருமொழி பேசுவோருக்கு ஹைதராபாத் ஒரு நல்ல செய்தியையும் தந்திருக்கிறது. பஞ்சாகுட்டாவில் உள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம், நாம் நிம்ஸ் என்று சொல்வது, அங்கே ஒரு நினைவாற்றல் பிரிவு நடந்து வந்தது. அங்கு வந்த 648 டிமென்ஷியா நோயாளிகளை டாக்டர் சுவர்ணா அல்லாடியும், எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் பாக்கும், உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2013இல் 'நியூராலஜி' இதழில் எழுதினார்கள். 648 பேரில் 391 பேர் இரண்டோ அதற்கு மேலோ மொழி பேசுபவர்கள். ஒரே மொழி பேசுபவர்களைவிட அவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் இந்த வேறுபாடு தென்பட்டது. அதாவது படிப்பின் பலன் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரே தெருவில் தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் இந்த நகரம் இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற இடம். வேறு நாடுகளில் நடந்த சில ஆய்வுகள் இதை அப்படியே உறுதி செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரியம்மாவுக்கு மூன்று மொழி தெரிந்ததால் நோய் தள்ளி வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நோய் வந்தபின் அந்த மூன்று மொழிகள் போன வரிசையை நான் கண்ணால் கண்டேன்.

முதலில் உருது போயிற்று. 2019 வாக்கில் தெலுங்கு தேயத் தொடங்கியது. பிற்காலத்தில் கற்ற மொழி முன்னே கழன்று, தாய்மடியில் கற்றது கடைசி வரை தங்குவது புலம்பெயர்ந்தோரிடம் பல நாடுகளில் மருத்துவர்கள் கண்டிருப்பதுதான். ஆனால் நமக்கு இதன் பொருள் என்ன? அறுபது ஆண்டுகள் தெலுங்கு பேசியவர், தம்மைப் பராமரிக்க வந்த தெலுங்குப் பெண்ணின் பேச்சு புரியாமல் மிரளுகிறார். ஏஜென்சி மூலம் வந்த அந்தப் பெண் நல்லவள். கம்மம் பக்கத்துக் கிராமம். ஒருநாள் பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ, அவள் "கடுபு நொப்பியா அம்மம்மா?" என்று கேட்டிருக்கிறாள். தெலுங்கில் கடுபு என்றால் வயிறு. பெரியம்மா காதில் அது கடுப்பு என்று விழுந்திருக்கிறது. "எனக்கு இன்னாடி கடுப்பு? நீதான்டி கடுப்புல கீற!" என்று கையிலிருந்த டம்ளரை வீசிவிட்டார். அன்று சிரித்தோம். ஆனால் சிறுநீர்த் தொற்றினால் வந்த வலி அது. கண்டுபிடிக்க இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. இந்நோயாளிகள் திடீரென்று வழக்கத்தைவிட மூர்க்கமானாலோ குழம்பினாலோ முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், காய்ச்சல், பல்வலி இவற்றைத்தான் பார்க்க வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டோம்.

மருந்து பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் விஷயமே சுருக்கம்தான். டோனபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் போன்றவை சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும், நோயை நிறுத்தாது. 2023இலும் 2024இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய ஊசி மருந்துகள் நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமானவை. மூளையில் வீக்கமும் கசிவும் ஏற்படுத்தக் கூடியவை என்பதால் அடிக்கடி ஸ்கேன் வேண்டும். எங்கள் நிலைமையில் அந்தப் பேச்சே எழவில்லை.

ஐந்து ஆண்டுகள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். "பார்த்தோம்" என்று பன்மையில் எழுதுகிறேனே தவிர, உண்மையில் பார்த்தது என் மனைவி. நான் அலுவலகம் போய்வந்து மாலையில் மாத்திரை கொடுத்தவன். கேஸ் சிலிண்டர் வால்வை ஒவ்வொரு முறையும் மூடுவது, வாசல் கதவுக்கு மேலே கண்ணுக்குப் படாத இடத்தில் தாழ் போடுவது, குளியலறைக்குள் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவது, புடவை முந்தானையில் பெயரும் எண்ணும் தைப்பது எல்லாம் அவள் யோசனை. மாலை ஐந்து மணியானால் பெரியம்மாவுக்கு ஒரு கலக்கம் வந்துவிடும். மூட்டை கட்டிக்கொண்டு, "இன்னாடா தம்பி, வூட்டுக்குப் போலாமா? விளக்கு வைக்கிற நேரமாச்சு, அம்மா தேடும்" என்பார். இதுதான் வீடு என்று வாதாடினால் அழுகை முற்றும். "போலாம் அத்தை, இந்தப் பூவைக் கட்டிட்டுப் போலாம்" என்று என் மனைவி உதிரி மல்லிகையைத் தட்டில் கொட்டுவாள். கை தானாகவே தொடுக்க ஆரம்பிக்கும். என் பெயர் மறந்த கைக்குப் பூத்தொடுக்கும் முடிச்சு மறக்கவில்லை. செயல்முறை நினைவு மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தது என்பதால் கடைசிவரை மிஞ்சும் என்று மருத்துவர் விளக்கினார்.

2021இல் மாமாவின் வற்புறுத்தலால் அவரை வாலாஜாவுக்கே அழைத்துச் சென்றேன். ஊர்க்காற்று பட்டால் தெளிவு வரும் என்பது மாமாவின் நம்பிக்கை. எனக்கும் உள்ளூர ஆசை இருந்தது. அவர் பிறந்த வீட்டை இடித்து மாடி கட்டியிருந்தார்கள். தெரு அப்படியேதான் இருந்தது. தெருவின் நடுவே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருட்டுது, வூட்டுக்குப் போலாம் வா" என்றார். மாமா அதன்பின் ஊர்க்காற்று பற்றிப் பேசவில்லை.

அடுத்த ஆண்டு, பெரியம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது என் மனைவிக்கு முதுகுத் தண்டில் வட்டு விலகியது. மூன்று மாதம் படுக்கை. அப்போதுதான் இல்லம் தேடக் கிளம்பினேன். இது தவறு. நெருக்கடி வந்தபின் தேடினால் கிடைத்ததை எடுத்துக்கொள்ள நேரும். நோய் உறுதியான ஆண்டிலேயே நாலு இடம் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் கிடைப்பவை ஏறக்குறைய நாலு வகை. காலையில் விட்டு மாலையில் அழைத்துவரும் பகல் நேர மையம். வீட்டார் ஓய்வெடுக்கவோ வெளியூர் போகவோ சில நாள் வைத்துக்கொள்ளும் குறுகிய காலத் தங்கல். மறதி நோயாளிகளுக்கென்றே உள்ள நீண்டகால இல்லம். இவை தவிரப் பொதுவான முதியோர் இல்லம். கடைசி வகையில் பெரும்பாலானவை நம்மை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். முதலில் நான் போன இல்லத்தின் மேலாளர் கேட்ட ஒரே கேள்வி, "தன் காரியத்தைத் தானே பார்த்துப்பாங்களா?" அப்படியானால் நான் ஏன் அங்கே வருகிறேன்? இரண்டாவது இடம் மருத்துவமனை போல; கம்பி போட்ட கட்டில்கள், நடமாட இடமே இல்லை. மூன்றாவது விளம்பரப் படங்களில் நட்சத்திர விடுதி போல இருந்தது. நேரிலும் அப்படியே. ஆனால் நான் சொல்லாமல் கொள்ளாமல் இரவு எட்டரை மணிக்குப் போனபோது, இருபத்திரண்டு பேருக்கு ஒரே ஒரு பணிப்பெண். நாலாவது இடத்தில் ஒரு முதியவரைத் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். "விழுந்துடுவார் சார், சேஃப்டிக்குத்தான்" என்றார்கள். அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இந்த அலைச்சலில் நான் கற்ற கேள்விகளைச் சொல்கிறேன். இரவில் எத்தனை பேர் பணியில் என்று கேளுங்கள். கேட்பதோடு விடாமல் இரவில் போய்ப் பாருங்கள். கட்டிப்போடுவீர்களா, அறையில் பூட்டுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். குளிக்க மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "விட்டுட்டு அரைமணி கழிச்சு வேற ஆளை அனுப்புவோம்" என்று பதில் வந்தால் அவர்களுக்குத் தொழில் தெரியும். தூக்கத்துக்கோ ஆர்ப்பாட்டத்துக்கோ மாத்திரை தருவார்களா, யார் எழுதித் தருவது, நம்மிடம் சொல்வார்களா என்பது முக்கியம். மனநோய்க்குத் தரும் சில மருந்துகளை டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குத் தந்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இலேயே கடும் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. அறவே கூடாது என்பதில்லை. ஆனால் பணியாள் பற்றாக்குறைக்கு அது மாற்றாகக் கூடாது. எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்கிறார்கள், அவசரத்தில் எந்த மருத்துவமனை, படுத்த படுக்கையாகிவிட்டால் கடைசிவரை வைத்துக்கொள்வார்களா அல்லது "அழைச்சிட்டுப் போங்க" என்பார்களா, முன்பணம் திரும்புமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாமா என்பதற்குத் தயக்கமான பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். செலவைப் பொறுத்தவரை, வீட்டில் பகலுக்கு ஒருவர் இரவுக்கு ஒருவர் என்று ஏஜென்சி ஆள் வைத்தால் ஆவதும், நல்ல இல்லத்துக்கு ஆவதும் எங்கள் கணக்கில் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் உதவும், பராமரிப்புக்கு உதவாது.

பணம், கையெழுத்து விஷயங்களை நோயாளிக்குத் தெளிவு இருக்கும்போதே முடிக்க வேண்டும். இதில் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். பவர் ஆஃப் அட்டர்னி வாங்கிவிட்டேனே என்பார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த முகவர் உரிமை முடிந்துவிடுகிறது. அதாவது எப்போது தேவைப்படுகிறதோ அப்போது செல்லாது! வங்கிக் கணக்கை இருவரில் எவரும் இயக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக்குவதும், உயில் எழுதிப் பதிவு செய்வதும் முன்கூட்டியே நடக்க வேண்டும். முற்றிய நிலையில் சொத்தை நிர்வகிக்கத் தெளிவான தனிச்சட்டம் இல்லாததால், குடும்பங்கள் அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர்நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கிறது. சிகிச்சை முடிவுகளுக்கு மட்டும், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒருவர் தமக்கான பிரதிநிதியை முன்பே எழுத்தில் நியமிக்கலாம். சொத்துக்கு இது செல்லாது. பெரியம்மாவுக்கு ரயில்வே குடும்ப ஓய்வூதியம். ஆயுள் சான்றுக்கு விரல் ரேகை விழவே இல்லை. 2021 முதல் முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் பதிவு செய்யலாம் என்பது பெரிய உதவி. 80 கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பருக்குக் காத்திராமல் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே தரலாம்.

உதவிக்கு யார் என்றால், 1992இல் கேரளத்தில் டாக்டர் கே. ஜேக்கப் ராய் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கம், ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்பார்கள், அதற்கு ஹைதராபாத் தக்காணக் கிளை உண்டு. முதியோர் உதவி எண் 14567. இது 2017இல் டாட்டா அறக்கட்டளையின் முயற்சியாக நம் ஹைதராபாத்தில்தான் முதலில் தொடங்கி, பிறகு நாடு முழுதும் விரிந்தது. டெலி மானஸ் என்னும் அரசு மனநல எண் 14416இல் தமிழைத் தேர்ந்தெடுத்தும் பேசலாம். மனம் உடைந்துபோகும் பராமரிப்பாளர்களுக்கும் அதுவே. சென்னைக்கே போய்விடலாம் என்று நினைப்பவர்கள், டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பின் டிமென்ஷியா பிரிவான டெம்கேர்ஸை விசாரிக்கலாம். நாங்களும் யோசித்தோம். தமிழ்ச் சூழல் கிடைக்கும். ஆனால் வாரம் ஒருமுறை கூட நான் போய்ப் பார்க்க முடியாது. மொழியா, முகமா என்ற கேள்வியில் நான் முகத்தைத் தேர்ந்தெடுத்தேன். அது சரியா என்று இன்றும் தெரியாது.

ஐந்தாவதாகப் பார்த்த இடத்தில், நகரின் வடக்கு ஓரத்தில், பதினான்கு பேர் மட்டும் இருந்த ஒரு வீட்டில், 2022 ஐப்பசியில் சேர்த்தோம். சுற்றி நடக்க முற்றமும் ஒரு வேப்பமரமும் இருந்தன. தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மாமா தொலைபேசியில், "நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு யோசிச்சியா? எங்க அக்கா உன்னைத் தூக்கி வளர்த்தவ" என்றார். "மாமா, நீங்க ஒரு மாசம் வெச்சுப் பாருங்க" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். ஓராண்டு பேச்சு வார்த்தை இல்லை. பிறகு அவரே வந்து இரண்டு நாள் தங்கி, தினமும் அங்கே போய் உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது, "கை கால் நகமெல்லாம் வெட்டி சுத்தமா வெச்சிருக்காங்கப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மொழிக் குறைக்கு என் மனைவி ஒரு வழி கண்டாள். பெரியம்மா வழக்கமாகச் சொல்லும் நாற்பது சொற்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதி, எதிரே பொருளும் குறித்து, சுவரில் ஒட்டினாள். "வவுறு நோவுது", "குளுருது", "வெளிக்குப் போவணும்", "கண்ணு கூசுது" என்று அவர் சொல்லும் வாலாஜாத் தமிழிலேயே. அகராதித் தமிழில் எழுதினால் பயனில்லை. "அம்மா தேடும்" என்பதற்கு எதிரே, "பூ தொடுக்கக் கொடுக்கவும்" என்று எழுதியிருந்தாள். ஒரு மாதத்தில் அந்தப் பெண்கள், "பெரியம்மா, பூ கட்டலாமா?" என்று தமிழில் கேட்கப் பழகிவிட்டார்கள். 2024 மாசியில் அவர் அங்கேயே, தூக்கத்தில் காலமானார்.

அவர் இருந்தவரை ஞாயிறுதோறும் நான் அங்கே போவேன். தமிழ் கேட்டதும், எனக்குத் தெரியாத ஒரு பாட்டி, நெல்லூர்ப் பக்கம் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தவராம், தம் அறையிலிருந்து எழுந்து வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்வார். அவரைப் பார்க்க வருபவர் குறைவு. இந்நகரின் இல்லங்களில் இப்படி எத்தனை தமிழ்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று நம் சங்கம் கணக்கெடுத்து, வாரம் இருவர் போய் ஒருமணி நேரம் பேசிவரும் ஏற்பாடு செய்யலாம் என்று செயற்குழுவில் சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டு பெயராக எங்கள் பெயரைத் தந்திருக்கிறோம். அந்த நாற்பது சொல் தாளின் நகல்கள் சங்க அலுவலகத்தில், நூலக அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவரின் ஊர்ப் பேச்சுக்கு ஏற்றபடி சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள்.